குசினிக் கல்லும் குசினியில் நிற்பவளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலும் தீவகத்திலும் புதிதாக ஒரு வீடு எழும்பும்போது அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, முன்வாசல் நிலையும் கதவும். மற்றது, குசினி மேடைக்குப் போடும் கல். அத்திவாரத்துக்குப் போட்ட கம்பியின் கனத்தை எவரும் விசாரிப்பதில்லை. "பான்ட்ரிக்கு என்ன கல் போட்டிருக்கிறீங்க?" என்ற கேள்வி மட்டும் வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவர் வாயிலும் வருகிறது.

இந்தக் கல்லைத் தெரிவு செய்பவர் யார்? பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ பணம் அனுப்புகிற மாமா கைத்தொலைபேசியில் நாலு படம் அனுப்புகிறார். மேசன் பாஸ் சென்ற மாதம் தான் முடித்துக் கொடுத்த வீட்டை உதாரணம் காட்டுகிறார். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைப் புகழ்கிறார். வாப்பா விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார். நாள்தோறும் நாலைந்து மணித்தியாலம் அந்த மேடைக்கு முன்னால் நிற்கப்போகிற உம்மாவிடம் கடைசியாக வந்து சேர்வது ஒரே ஒரு கேள்விதான்: "கறுப்பா, சிவப்பா?"

இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதே என் கருத்து. குசினி கட்டும்போது கல்லைக் கடைசியாகவே தெரிவு செய்ய வேண்டும். மேடையின் உயரம், அடுப்பு இருக்கும் மூலை, புகை போகும் வழி, தண்ணீர் வைக்கும் இடம் ஆகிய நான்கும் அதற்கு முன்னால் தீர்மானிக்கப்பட வேண்டியவை. அவற்றைச் சொல்லும் உரிமை அங்கே நின்று வேலை செய்பவருக்கே உரியது.

கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல கல் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துடைப்பில் போய்விடும். கரப்பொத்தான் ஒளிந்துகொள்ள அதில் இடுக்கு இல்லை. கொதிக்கும் சட்டியை அவசரத்துக்கு இறக்கி வைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் எந்தக் கல், எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் விலை மட்டும்தான் மிஞ்சும்.

நம் காலடியில் இருக்கும் கல்லிலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணக் குடாநாடும் அதைச் சூழ்ந்த தீவுகளும் மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்திருக்கின்றன. கிணறு வெட்டுகிறவர்கள் சில அடி ஆழத்திலேயே அதைச் சந்திக்கிறார்கள். நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே வேலிக்குப் பதிலாகச் சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கி வைத்த பவளக்கல் மதில்களைக் கண்டிருப்பார்கள். அங்குள்ள பழைய கோட்டையின் இடிபாடும் அந்தக் கல்தான். 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக இருந்ததும் இந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லே. மதிலுக்கு, சுவருக்கு, சுண்ணாம்புக்கு, சீமெந்துக்கு நம் கல் நல்ல கல்.

ஆனால் நம் உம்மம்மாமார் அந்தக் கல்லில் அம்மி செய்யவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் திருகையும் கருங்கல்லாகவே இருந்தன. கருங்கல் இங்கே விளைவதில்லை. வன்னிப் பெருநிலத்திலிருந்தோ கடல் கடந்தோ வரவேண்டியது. அவ்வளவு பாரத்தைத் தோணியில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக் கல்லின் கனிமமான கல்சைற்றின் கடினம், கனிமங்களை அளக்கும் பத்துப் படி கொண்ட மோஸ் அளவையில் 3 மட்டுமே. கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பாரின் கடினம் 6, குவாட்ஸின் கடினம் 7. மிளகாயை அரைக்கும்போது தானும் அரைபட்டுக் கறியோடு சேர்ந்துவிடாத கல் அவர்களுக்கு வேண்டும். மோஸ் என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, அம்மியைத் தெரிவு செய்தவர்கள் அவர்களே. தேய்ந்தபோது ஆள் கூப்பிட்டுப் பொளிவித்தவர்களும் அவர்களே. குசினிக் கல்லைப் பற்றிய அறிவு நம் வீடுகளில் பெண்களிடம் இருந்த அறிவு. மேடை உயர்ந்து, கல் பளபளப்பானபோது அந்தப் பொறுப்பு அவர்கள் கையை விட்டுப் போனது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும்.

அந்த அறிவை மீண்டும் எடுத்துக்கொள்வது கடினமல்ல. விஞ்ஞான பாடத்தில் படிக்கும் அமிலமும் காரமும் போதும். சுண்ணாம்புக் கல்லும் மாபிளும் ஒரே கனிமத்தால் ஆனவை. புளி, தேசிக்காய், வினாகிரி, தக்காளி எல்லாம் அமிலம். மாபிள் மேடையில் தேசிக்காய்ப் பாதியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த இடம் மினுக்கம் இழந்து வட்டமாக வெளிறியிருக்கும். அது கறையல்ல, கல்லே அரிபட்டுப் போன தழும்பு. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. மக்ரானா மாபிளில் தாஜ்மஹாலைக் கட்டலாம். ஆனால் மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் மேடைக்கு அது ஆகாது. மாபிள் துகளைச் சீமெந்தில் குழைத்து மினுக்கும் தரைக்கும், வெறும் சீமெந்துப் பூச்சுக்கும் இதே பலவீனம் ஓரளவுக்கு உண்டு.

டைல் மலிவு, அமிலத்துக்கு அஞ்சாது. ஆனால் டைலுக்கும் டைலுக்கும் இடையிலுள்ள கோடுகளில் எண்ணெயும் மாவும் தங்கும். கைச்செலவு குறைவான வீட்டில் பெரிய அளவு டைலைப் போட்டு, இடைக்கோட்டைக் குறுக்கி, கடும் நிறச் சாந்தால் நிரப்பினால் அதுவே போதுமான மேடை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிரனைட் என்று கடையில் சொல்வதெல்லாம் புவியியல் பாடம் சொல்லும் கிரனைட் அல்ல. கறுப்பு என்று விற்கப்படும் பல கற்கள் வேறு வகைக் கருங்கற்கள். குசினிக்கு அவை நல்லவையே. பெயர் மாறினால் குற்றமில்லை. ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பதும் உலகச் சந்தையில் நடப்பதுண்டு. ஆகவே கடைக்குப் போகும்போது மூன்று பொருள்களைக் கையோடு கொண்டுபோங்கள்: ஒரு போத்தல் தண்ணீர், ஒரு தேசிக்காய், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் கொஞ்சம். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். துளி இருந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது. மேலே காப்புப் பூச்சு இல்லாமல் அதை வாங்கக்கூடாது. தேசிக்காய்ச் சாறு விட்ட இடம் நுரைத்தாலோ மினுக்கம் குறைந்தாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம். இந்த மூன்று சோதனைக்கும் பட்டம் தேவையில்லை. பத்தாம் தரத்தில் படிக்கும் மகள் உம்மாவோடு போய் நின்றால் போதும்.

இப்போது இன்னொரு வகை வந்திருக்கிறது. குவாட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து ஆலையில் வார்த்தெடுக்கும் செயற்கைக் கல். பார்க்க அழகு, கறை பிடிப்பதும் குறைவு. ஆனால் அதிலுள்ள பிசின் கடும் சூட்டைத் தாங்காது. நோன்புக் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து நேரே அதன்மேல் இறக்கினால் தழும்பு விழக்கூடும். அதைவிடப் பெரிய விடயம், அதை வெட்டுகிறவர்களின் நெஞ்சு. அதில் சிலிக்கா 90 வீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் வெட்டும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற ஆறாத நோயைத் தருகிறது. அவுஸ்திரேலியாவில் இளம் தொழிலாளர் பலர் இந்த நோய்க்கு ஆளான பின்னர், 2024 யூலை 1ஆம் திகதி முதல் அந்நாடு இவ்வகைக் கல்லை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. இயற்கைக் கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. எனவே நம் முற்றத்தில் எந்தக் கல்லை வெட்டினாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டுகிற தம்பி முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளை அப்பால் வைக்க வேண்டும். நம் குசினி மினுங்குவதற்காக ஒருவர் மூச்சுத் திணற வேண்டியதில்லை.

கல்லைப் பற்றி இவ்வளவும் சொன்ன பின்னும் என் முதல் வாதம் அப்படியே நிற்கிறது. எவ்வளவு நல்ல கல்லும் தவறான உயரத்தில் கிடந்தால் அது தண்டனை.

வெளிநாட்டிலிருந்து வரும் படங்களில் இருக்கும் மேடை பெரும்பாலும் 36 அங்குல உயரம். அமெரிக்காவில் அதுவே வழமை. நம் தாய்மாரில் பலர் ஐந்தடி அளவிலேயே இருக்கிறார்கள். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால், ஐந்தடிப் பெண்ணின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 37 அங்குலத்தில் இருக்கும். காய்கறி வெட்டும் மேடை முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் அவருக்குப் பொருத்தமான உயரம் 32, 33 அங்குலம். 36 அங்குல மேடையில் அவர் தோளை உயர்த்தியபடியே வெட்ட வேண்டும். அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பானை என்று வந்தால் அகப்பை பிடித்த கை தோளுக்கு மேலே போகிறது. இடியப்பம் பிழிவதற்கும் புட்டு மா குழைப்பதற்கும் மேலிருந்து உடற்பாரத்தை இறக்கி அழுத்த வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் தாழ்ந்த இடம் வேண்டும். இத்தனையும் ஒரே உயரத்தில் ஒரே நீளக் கல்லாகப் போட்டால்தான் அழகு என்று யார் சொன்னது? பேசின் இருக்கும் பகுதி சற்று உயரமாகவும், அடுப்பிருக்கும் பகுதி தாழ்வாகவும், மா குழைக்க ஒரு மூலை இன்னும் தாழ்வாகவும் இருக்கலாம். கல் இரண்டு மூன்று துண்டாகும். உம்மாவின் தோள் பிழைக்கும்.

இது இன்று நேற்று எழுந்த கேள்வியல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்கப் பொறியியலாளர் லிலியன் கில்பிரெத் என்ற பெண்மணி, மேடையின் உயரம் அங்கே வேலை செய்பவரின் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1926இல் ஒஸ்ரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்தப் பொருளை எத்தனை தடவை எடுக்கிறார் என்று கணக்கெடுத்து அமைத்த அந்தக் குசினி பத்தாயிரம் அளவிலான வீடுகளில் பொருத்தப்பட்டது. இன்றைய பான்ட்ரிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தம்மா. ஆனால் அதிலும் ஒரு குறை சொல்லப்பட்டது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய ஒடுங்கிய குசினி அது. வீட்டாரிடமிருந்து சமைப்பவரை அது பிரித்துவிட்டது. நம் வீடுகளில் பெருநாள் சமையல் என்றால் மாமியும் ராத்தாவும் மைனியும் ஒன்றாக நிற்பார்கள். ஆகவே உயரத்தை அளப்பதோடு, எத்தனை பேர் நிற்பார்கள் என்றும் கேட்க வேண்டும். நிற்க முடியாத முதியவர் ஒருவர் இருந்துகொண்டு வெங்காயம் உரிக்க ஒரு திண்ணையும் வேண்டும்.

தீவகத்தில் கட்டுபவர்களுக்கு இன்னும் சில கணக்குகள் உண்டு. எட்டடி நீளம், இரண்டடி அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கருங்கற் பலகை ஒன்று ஏறத்தாழ 80 கிலோ. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் லொறி போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு மாற்ற வேண்டும். கல்லைப் படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே அது முறியும். நிமிர்த்தியே தூக்க வேண்டும், நிமிர்த்தியே கட்ட வேண்டும். பேசினுக்காகத் துளை வெட்டிய பலகையில் முன்விளிம்பு ஒடுங்கியிருக்கும். முதலில் முறிவது அந்த இடம்தான். ஆகவே துளையைத் தீவுக்குக் கொண்டுவந்த பின்னர் வெட்டுவது நல்லது. அல்லது இரண்டு சிறு பலகைகளாக எடுத்து, மூட்டு வரும் இடத்தில் கீழே சுவர் இருக்கும்படி கட்டுவது நல்லது.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. சாதாரண இரும்புப் பிணைச்சல் சீக்கிரம் துருப்பிடித்துக் கதவு தொங்கிவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் ஊதிவிடும். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சலும் அலுமினியக் கதவும் போடுவது புத்தி. கீழ்த்தட்டுகளுக்குக் கதவே போடாமல் சீமெந்துத் தட்டாக விட்டால் காற்றோட்டமும் இருக்கும், செலவும் குறையும்.

தண்ணீரும் அப்படியே. நம் கிணறுகளின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. அதில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் கறுப்புக் கல்லில் வெள்ளைப் படலம் விழும். படத்தில் கண்ணாடிபோல் மின்னும் அதே கறுப்பு நம் வீட்டில் எந்நேரமும் துடைத்தபடி இருக்க வேண்டிய கறுப்பு. புள்ளியும் வரியும் கலந்த சாம்பல் நிறமோ பழுப்பு நிறமோ அந்தப் படலத்தை மறைத்துவிடும். கருங்கல்லில் விழுந்த படலத்தைத் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்துக் கழுவினால் போகும். மாபிளில் அந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. குடிதண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கும் வீடுகளும் தீவுகளில் இருக்கின்றன. 20 லீற்றர் கான் 20 கிலோ. அதை மேடை உயரத்துக்குத் தூக்குவது யார்? இடுப்புக்குக் கீழே, குழாயோடு, அதற்கென ஒரு தட்டு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கழுவிய தண்ணீர் ஒரு வாழைக்கோ தென்னைக்கோ போகும்படி பேசின் குழாயைத் திருப்பிவிடவும் வேண்டும்.

காற்றையும் கேட்க வேண்டும். சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்து யன்னலுக்கு நேரே அடுப்பு வைத்தால் நெருப்பு அணையும். விறகடுப்பென்றால் புகை வீட்டுக்குள் திரும்பும். எந்த மூலையில் புகை தங்கும் என்பது படம் கீறுகிறவருக்குத் தெரியாது. அந்தக் காணியில் பத்து வருடம் சமைத்தவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம் ஊர்களில் சர்வசாதாரணமாகிவிட்ட ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வீட்டுக்குள்ளே கல் பதித்த பான்ட்ரி. வீட்டுக்குப் பின்னே தகரம் போட்ட ஒரு கொட்டில். விருந்தினர் பார்ப்பது முதலாவதை. சோறும் கறியும் ஆவது இரண்டாவதில். உள்ளே தேநீர் மட்டும் ஊற்றப்படுகிறது. இரண்டு குசினி வைப்பதைக் குறை சொல்லவில்லை. பெரிய சமையலுக்கு வெளியடுப்பு வேண்டியதுதான். ஆனால் பணம் முழுவதும் உள்ளே போய், உம்மாவின் நாள் முழுவதும் வெளியே போனால், அந்தக் கல் யாருக்காக வாங்கப்பட்டது? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையும் அதுபோன்ற உள்வீட்டு மாசும் உலகெங்கும் 32 இலட்சம் உயிர்களைப் பறித்தன. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளுமே.

விறகடுப்பின் காலம் போய்விட்டது என்று நினைத்தவர்களுக்கு 2022ஆம் ஆண்டு பாடம் படிப்பித்தது. காஸ் சிலிண்டருக்காகத் தெருவில் வரிசை நின்றோம். 12.5 கிலோ சிலிண்டரின் விலை அவ்வாண்டு ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. கல் பதித்த குசினிகளெல்லாம் அன்று வெறுமனே கிடந்தன. காவோலையும் பனைமட்டையும் தென்னம் பாளையும் எரிக்கக்கூடிய அடுப்பு எந்த வீட்டில் இருந்ததோ அங்கேதான் நேரத்துக்குச் சோறு வெந்தது. ஆகவே புதிய குசினியிலும் ஒரு விறகடுப்பு இருக்கட்டும். ஆனால் அது தகரக் கொட்டிலுக்குள் மூன்று கல்லாக இருக்க வேண்டாம். 1980களில் இந்த நாட்டிலேயே உருவாக்கப்பட்டுப் பரவிய அனகி என்ற இரட்டை மண்ணடுப்பு குறைந்த விறகில் இரண்டு பானையைச் சூடாக்கும். அதை நின்று சமைக்கும் உயரத்தில் ஒரு மேடைமேல் பதித்து, கூரைக்கு மேலே போகும் புகைக்கூண்டு ஒன்றைக் கட்டினால் போதும். நாலடிக் கல்லைக் குறைத்தால் அந்தப் புகைக்கூண்டு வந்துவிடும். எது முதலில் என்பதுதான் கேள்வி.

நம் சமூகத்துக்கு இந்தக் கேள்வி வெறும் வசதிக் கேள்வி அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டபோது நம் பெண்கள் குசினியையும் விட்டுத்தான் போனார்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் மழைக்கும் புகைக்கும் நடுவே சமைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அந்த ஆண்டுகளில் தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தன; அங்குள்ள பெண்களின் கதையும் வேறல்ல. யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து, பாழடைந்த காணியில் மீண்டும் அத்திவாரம் போட்டவர்கள் எண்ணிப் பார்த்தே செலவழித்தார்கள். 2012 முதல் இந்திய உதவியுடன் நடந்த வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். அதற்குள் முழு வீடும் முடிய வேண்டும். முடியாதபோது நகை அடகுக்குப் போனது; கடன் வந்தது. இப்படிப்பட்ட வீட்டில், அயலவர் போட்டதற்காக நாமும் போட வேண்டும் என்று ஒரு கல்லுக்காக இன்னொரு கடன் எடுப்பது எந்த வகையில் நியாயம்? இத்தனை காலம் புகையில் நின்றவருக்கு நாம் கொடுக்க வேண்டியது மினுக்கமா, மூச்சுவிட நல்ல காற்றா?

"அவளுக்குக் கட்டட வேலை தெரியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலை தெரிய வேண்டியது மேசனுக்கு. அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் வேலை தெரிந்தவர் சமைப்பவர். தையற்காரருக்குத் தைக்கத் தெரியும் என்பதற்காக அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வோமா? இன்னொரு பக்கம், பெண்களும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சீமெந்து இறுகிய பின்னர் முதுகு நோகிறது என்று சொல்வதால் பயனில்லை. மேடைக்குக் கல் அடுக்கும் முன்னரே சொல்ல வேண்டும். ஒரு அங்குலம் என்றாலும் சொல்ல வேண்டும். குசினி பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நான் எழுதுவதாகவும் யாரும் எண்ண வேண்டாம். வாப்பாவும் நானாவும் அங்கே நின்று வேலை செய்தால் அவர்களின் அளவும் எடுக்கப்பட வேண்டும். அளவெடுக்கும்போதாவது தாங்கள் எத்தனை நாள் அங்கே நிற்கிறோம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கக்கூடும்.

சகோதரிகளே, இந்தக் கல்லூரியில் நாம் கணிதமும் விஞ்ஞானமும் மனைப்பொருளியலும் படிக்கிறோம். முழங்கை உயரத்திலிருந்து ஐந்து அங்குலம் கழிக்கும் கணக்கும், தேசிக்காய்ச் சாறு சுண்ணாம்பை அரிக்கும் தாக்கமும், அடுப்பிலிருந்து பேசினுக்கு எத்தனை அடி என்ற வரைபடமும் அந்தப் பாடங்களுக்குள் இருக்கின்றன. பெற்றோரே, வீடு கட்டும் எண்ணம் இருந்தால், அல்லது பழைய குசினியைத் திருத்தும் எண்ணம் இருந்தால், கல் கடைக்குப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் மகளின் கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுங்கள். உம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அவள் முழங்கையை அளக்கட்டும். எந்த யன்னலால் காற்று வருகிறது, எந்த மூலையில் புகை நிற்கிறது, எந்தப் பாரத்தைத் தூக்கக் கஷ்டம் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தத் தாளை மேசன் பாஸின் கையில் கொடுங்கள். அதன்பிறகு கறுப்பா, சிவப்பா என்று பேசிக்கொள்ளலாம்.